பெண்கள் வார்டுக்கு ஒரு பொத்தான்

"ஐயா, அதுல கை வைக்காதீங்க!"

வாட்ச்மேன் ஓடி வந்து மெஷினுக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் நின்றார்.

ஆஸ்பத்திரி முன்வாசலில் வார்டுக்கு ஒன்றாக மெஷின்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பொத்தான்கள். பச்சையில் சிரித்த முகம், சிவப்பில் சிடுமூஞ்சி. குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் ஏதாவது ஒன்றை அமுக்க வேண்டும். எந்த வார்டில் எவ்வளவு திருப்தி என்று மேலே பெரிய திரையில் ஊரே பார்க்கும்.

பெண்கள் வார்டு கடைசியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சிவப்பு விழுந்தால் அந்த வார்டு நர்ஸுக்கு வேலை போய்விடும் என்று பேச்சு.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார்.

"மறுபடியும் நீங்களா? போன வாரம் போட்ட கூச்சல் போதலையா? இது என்ன உங்க சங்க ஆபீஸா?"

"இன்னிக்குக் கூச்சல் இல்ல சார். ஒரே ஒரு அமுக்கு. போயிடறேன்."

"நோயாளிதான் அமுக்கணும். நீங்க நோயாளியா?"

"என் சம்சாரம்."

"அப்ப அவங்களை வரச் சொல்லுங்க. ரூல்னா ரூல்தான்."

"வந்திருப்பா. நீங்கதான் துணியைப் போர்த்திப் பின்வாசல் வழியா அனுப்பிட்டீங்க. அங்க மெஷின் வைக்கலையே."

மேனேஜர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். சீட்டு வாங்க நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, உங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. ஆனா அந்த சிஸ்டர் பாவம். ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு அல்லாடுது. அது பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க."

"தள்ளுப்பா."

வாட்ச்மேன் தள்ளி நின்றார். விரல் நீண்டது. பொத்தான் அமுங்கியது.

பச்சை!

"அந்தப் பொண்ணுதான் கடைசி வரைக்கும் அவ கையை விடாம பிடிச்சிக்கிட்டிருந்தது. இது என் சம்சாரம் போட வேண்டியது. போட்டாச்சு."

மேனேஜரின் முகம் மெஷினில் இருந்த முகத்தைப் போலவே மலர்ந்தது.

"பார்த்தீங்களா! உங்களுக்கே திருப்திதான். பின்ன எதுக்கு அன்னிக்கு அந்தக் கத்து கத்தினீங்க?"

"அந்தப் பொண்ணையா திட்டினேன்? நாலு பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருத்தி தலையில கட்டிட்டு, மேல ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கீங்களே, உங்களைத்தான்."

சொல்லிவிட்டு அந்த மனிதர் வரிசையாக நின்ற மெஷின்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார்.

"வந்ததும் முதல்ல அதைத்தான் தேடினேன் சார். உங்களுக்குன்னு ஒரு மெஷின் வைக்கவே இல்லையே!"