மலையாடு தந்த தரிசனம்

இயற்கை தன் பேரழகைப் பொறுமையின் சிகரம் தொட்டவர்களுக்கு மட்டுமே காட்டும் என்று, முகம் முழுக்கச் சவர நுரையுடன், பாரிஸ் லாச்சப்பல் சலூனில் பாலேந்திரன் அறிவித்தார்.

"ஜோர்தான் பாலைவன மலையிலை கூடாரம் அடிச்சம். கூட வந்த வெள்ளையள் கமராவோடை காத்துக் கிடந்தும் ஒண்டையும் காணேல்லை. எனக்கு மட்டும், கையெட்டுற தூரத்திலை, வில்லாய் வளைஞ்ச கொம்போடை மலையாடு! என்ன வடிவு, தம்பி! மூச்சுவிடாமல் பாத்தனான்."

"படம் எங்கை, அண்ணை?" என்றான் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த விதுஷன்.

"எடுக்கேல்லை."

"அப்ப புளுகுறியள்."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பாலேந்திரனுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மாளாணை உண்மை!"

"எழும்பிப் போய் ஆக்களைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"எழும்பேலாது. பாறைக்குப் பின்னாலை குந்தியிருந்தனான்."

சலூன் முழுவதும் உடனே நம்பியது.

கழுவக் கொண்டுபோன வாளித் தண்ணீர் முழுவதையும் மலையாடு குடித்துவிட்டுப் போயிருந்தது.