விரல்நுனி அளவு

வசுமதிக்கு எக்ஸிமா வருவது கையெட்டாத நடுமுதுகில். ஸ்டீராய்டு களிம்பை விரல்நுனி அளவில் பத்து நாள் தடவிவிட்டு, மூன்று வாரம் நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோடு பேசுவதையே குறைத்துவிட்ட கணவன் தணிகைவேல், பத்து நாளும் தவறாமல் வந்து தடவினான். அவன் விரல் அவள்மேல் படுவது அப்போது மட்டும்தான்.

பதினோராம் நாள் முதுகு சுத்தமாயிருந்தது. அவன் மூடியைத் திருகி வைத்தான்.

மறுநாள், டாக்டர் ஒதுக்கச் சொன்ன நைலான் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வசுமதி வெயிலில் துணி காயப்போட்டாள். சாயங்காலம் முதுகு சிவந்து தடித்தது.

"என்னங்க, மறுபடி வந்துடுச்சு. கொஞ்சம் தடவி விடுங்களேன்."

அவன் காலண்டரைப் பார்த்தான். "இன்னும் இருபது நாள் இருக்கே வசு. இப்பவே போட்டா தோல் மெலிஞ்சிடும்."

அக்கறையாகத்தான் சொன்னான். அவள் முதுகைக் காட்டியபடியே நின்றாள்.