மீட்க வேண்டியவர்கள்: நான்கு

"முதல்ல நல்லதைச் சொல்லுங்க சார். குறையெல்லாம் அப்புறம்," என்றாள் லின்சி, நோட்டும் பேனாவுமாக.

அடைக்கலம் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். முப்பத்திரண்டு வருஷம் தீயணைப்பு வண்டியில் ஓடி ஓய்வு பெற்றவர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி தர ஒரு வீடியோ கேம் தயாராகிறது, அனுபவசாலிகள் விளையாடிப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று இந்தப் பெண் போன் செய்திருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் தில்லை நகருக்கு வந்துவிட்டார். மாடியில் ஒரே அறை. ஒரே கம்ப்யூட்டர். பகல் வெயில் உள்ளே எட்டிப் பார்க்காதபடி கனத்த திரைச்சீலை.

"புகையை அப்படியே கொண்டு வந்துட்டீங்கம்மா. மேலேர்ந்து கீழ இறங்குது பாருங்க, நிஜத்துலயும் அப்படித்தான். நிமிர்ந்து நடந்தா செத்தோம், தவழ்ந்துதான் போகணும். வண்டித் தண்ணி கண் மூடித் திறக்கறதுக்குள்ள தீர்ந்துபோகுதே, அதுவும் சரி."

"குறை?"

"ஹோஸை ஒத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடறான். தண்ணி வர்ற வேகத்துக்கு ரெண்டு பேர் பிடிச்சாலே தூக்கி அடிக்கும். அப்புறம், உள்ள மாட்டினவங்க கூப்பிட்டதும் எந்திரிச்சு வர்றாங்க. நிஜத்துல வரமாட்டாங்கம்மா. மேஜைக்கு அடியில, பீரோவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவாங்க. நாமதான் தேடணும்."

லின்சி எழுதிக்கொண்டாள். "வேற எதாவது?"

அடைக்கலம் திரையைப் பார்த்தார். 'மீட்க வேண்டியவர்கள்: 4. மீட்கப்பட்டவர்கள்: 4. பணி முடிந்தது' என்று பச்சை எழுத்துகள் மின்னிக்கொண்டிருந்தன.

"எல்லாரையும் வெளிய கொண்டாந்த அப்புறம் ஒரு சத்தம் வருதே, அதை எடுத்துடுங்க."

"என்ன சத்தம் சார்?"

"பின்னாடி ஸ்டோர் ரூம்லேர்ந்து. யாரோ இரும்புக் கதவைத் தட்டற மாதிரி."

"இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொல்லலையே!"

"என்கூட வேலை பார்த்த பீமராவ் போன வாரம் வந்தாரே, அவரு?"

"அவருக்கும் கேக்கலை சார். இன்னொரு தடவை விளையாடிப் பாருங்களேன்."

அடைக்கலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

தகரக் கூரை போட்ட பட்டறை. வரிசையாக லேத் மெஷின்கள். மூலையில் பெயின்ட் டின்கள். முதல் தடவை பார்த்தபோதே, "இது எந்த இடம்மா?" என்று கேட்டிருந்தார். "சும்மா கற்பனைதான் சார்," என்றிருந்தாள் லின்சி.

புகைக்குள் தவழ்ந்து போய் நான்கு பேரையும் ஒவ்வொருவராக வெளியே கொண்டு வந்தார். வாசலில் நின்ற வண்டிக்கு நடந்தார். ஏறப்போகும் நேரத்தில் அவர் விரல் தன்னால் அசைந்தது. திரையில் இருந்த ஆள் நின்று, ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பினான்.

டக். டக். டக்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அரியமங்கலத்துப் பட்டறைத் தீயில் கேட்ட அதே தட்டல்.

உள்ளே நாலு பேர் என்றுதான் அன்றைக்குச் சொல்லியிருந்தார்கள். நாலு பேரும் வெளியே வந்தாகிவிட்டது. வண்டியில் ஏறப்போனவர் தட்டல் கேட்டு ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார். கூரை தொய்ந்து தொங்கியது, எந்த நிமிஷமும் விழலாம். அடைக்கலத்துக்குப் பயம். சூட்டில் தகரம் வெடிக்கிற சத்தம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, 'யாருமில்லை' என்று அதிகாரிக்குக் கை காட்டிவிட்டார். மறுநாள் ஸ்டோர் ரூமைத் திறந்தபோது ஐந்தாவதாக ஒருவர் கதவோரம் கிடந்தார். சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார். பெண்டாட்டியிடம்கூட இதுவரை வாயைத் திறந்ததில்லை.

அவருக்கு மட்டுமே தெரிந்த அந்தச் சத்தம் இந்தப் பெட்டிக்குள் எப்படி வந்தது?

டக். டக். டக்.

இந்த முறை அவர் வண்டியில் ஏறவில்லை. எரிகிற பட்டறைக்குள் ஓடினார். ஸ்டோர் ரூம் கதவை இழுத்தார். உதைத்தார். கோடாலியால் வெட்டினார். எந்தப் பட்டனை அழுத்தியும் கதவு அசையவில்லை. தட்டல் மெலிந்துகொண்டே வந்தது. இரண்டாக, ஒன்றாக. அப்புறம் நின்றுபோனது.

ஹெட்போனைப் பிய்த்து மேஜைமேல் எறிந்தார்.

"கதவைத் திறக்க என்னம்மா பண்ணணும்? எதை அழுத்தணும்?"

"அதுக்கு வழி வைக்கலை சார்."

"ஏன் வைக்கலை? உள்ள ஒரு உயிர் தட்டிக்கிட்டு இருக்கில்ல!"

அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

லின்சி நோட்டை மூடினாள். அவள் குரலில் கோபமில்லை.

"அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேக்காது சார். வண்டியில ஏறறதுக்கு முன்னாடி ஸ்டோர் ரூமைத் திரும்பிப் பார்க்கிறவங்களுக்கு மட்டும்தான் கேக்கும். அன்னிக்கு அரியமங்கலத்துக்கு வந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு விளையாட வெச்சேன். எட்டுப் பேர் நேரா போய் வண்டியில ஏறிட்டாங்க."

"நீ... யாரும்மா?"

"'ஜன்னல் இடுக்குல தெரியுதும்மா, ஃபயர் சர்வீஸ்காரர் ஒருத்தர் திரும்பிப் பார்த்துட்டார், பயப்படாதே, இப்ப வந்துடுவார்'... எங்கப்பா கதவைத் தட்டிக்கிட்டே போன்ல என்கிட்ட கடைசியாச் சொன்னது இதுதான் சார்."