கதவு திறக்கலேன்னா போன்

"கையிலதான் குடுக்கணும், வாசல்ல வச்சிட்டுப் போகக்கூடாது, கதவு திறக்கலேன்னா உடனே போன் பண்ணணும்! இந்த ஆளுக்க அட்டகாசம் இன்னையோட தீருது" என்றபடி ஷைஜு ராஜாக்கமங்கலம் சாலையில் காரைத் திருப்பினான்.

"அப்படிச் சொல்லாதலே. அவரு இல்லேன்னா நம்ம கம்பெனியே இல்ல" என்றாள் பிரிஜா.

உண்மைதான். கல்லூரியில் ஒன்றாகப் படித்த இந்த இரண்டு பேரும் 2012இல் நாகர்கோவிலில் 'நாஞ்சில் ஊண்' என்று ஓர் இணையதளம் ஆரம்பித்தபோது ஊரே சிரித்தது. ஓட்டல் சாப்பாட்டைக் கம்ப்யூட்டரில் எவன் கேட்பான்? ஒருத்தரும் கேட்கவில்லை. தோஹாவில் வேலை பார்க்கும் லிஜோ மட்டும், தனியாக இருக்கும் தன் அம்மாவுக்கு இந்தக் கட்டளைகளோடு தினமும் மதியச் சாப்பாடு சொன்னார். அந்த ஒரு ஆர்டருக்காகவே கடையைத் திறந்து வைத்திருந்த நாட்கள் உண்டு.

நான்கே வருடத்தில் கம்பெனி மளமளவென்று வளர்ந்துவிட்டது. இப்போது சென்னைக்காரர்கள் கூட்டுச் சேர வருகிறார்கள். நகருக்கு வெளியே வண்டி போகக்கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. திங்கட்கிழமை முதல் ராஜாக்கமங்கலத்துக்குச் சாப்பாடு கிடையாது. நன்றிகெட்ட காரியம் என்று பிரிஜாவின் மனது அரித்தது. அந்த அம்மாவை நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட்டாவது நிறுத்துவோம் என்று, ஒரு நல்ல புடவை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தென்னந்தோப்புக்கு நடுவே தனி வீடு. லிஜோவின் அம்மா பேபி கதவைத் திறந்ததும் மீன்குழம்பு வாசனை ஆளைத் தூக்கியது.

"வாங்க மக்கா, இரிங்க. நெய்மீன் குழம்பு வச்சிருக்கேன். ஒரு வாய் தின்னுட்டுத்தான் போணும்."

சாப்பிட்ட பிரிஜா திகைத்துப்போனாள். அவர்கள் சாப்பாடு எடுக்கும் எந்த ஓட்டலிலும் இந்த ருசி கிடையாது.

"அம்மா, இப்படிச் சமைக்கத் தெரிஞ்சும் எங்ககிட்ட எதுக்கு ஆர்டர்?"

"நானா சொல்லுகேன்? வேண்டாம்னா எனக்க மவன் கேக்கமாட்டேங்கான். கோவிச்சுக்காத மோளே, உங்க சோறை நான் ஒருநாளும் தின்னதில்ல. கொண்டுவாற ஆளுக்கே குடுத்து, தின்ன வச்சுத்தான் அனுப்புகேன்."

ஷைஜுவுக்குப் புரையேறியது. பிரிஜாவுக்கோ பெரிய நிம்மதி. திங்கள் முதல் வரமாட்டோம் என்று தைரியமாகச் சொன்னாள்.

"நிறுத்துங்க மக்கா! புண்ணியமாப் போகும்" என்று பேபி கையெடுத்துக் கும்பிட்டாள்.

புடவையைக் கொடுத்து, வாயார நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தோப்பிலேயே நின்று பிரிஜா தோஹாவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஆனா அம்மா எங்க சாப்பாட்டைத் தின்னதே இல்லியாம். அதனால திங்கக்கிழமையிலேருந்து..."

"அம்மைக்கு ஓட்டல் சோறு பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி."

"பின்ன எதுக்கு அண்ணே தினமும்?"

லிஜோவின் குரல் இறங்கியது.

"உங்க கம்பெனி வாறதுக்கு முந்தி, எனக்க பெண்டாட்டிக்க பேறுகாலத்துக்கு அம்மையை இஞ்ச கூட்டிட்டு வந்தேன். அப்பா மட்டும் அந்த வீட்டுல. போன் எடுக்கல. கடலுக்குப் போயிருப்பாருன்னு நெனச்சு நாங்க சும்மா இருந்துட்டோம். அவரு உள்ள விழுந்து கிடந்திருக்காரு. ஒரு ஆளு வந்து கதவைத் தட்டியிருந்தா பிழைச்சிருப்பாரு. நன்றி நான்தான் சொல்லணும் தங்கச்சி. இத்தனை வருசமும் நான் காசு குடுத்தது சோத்துக்கில்ல. தினமும் ஒரு ஆளு தட்டணும், அம்மை வந்து திறக்கணும், அதுக்குத்தான்."

சென்னைக்காரர்கள் வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று பிரிஜா திரும்பி நடந்து, அந்தக் கதவைத் தட்டினாள்.