ஆயுதப் பட்டியலில் ஒரு பூட்டு

"முடியாதுன்னா முடியாது, மேடம்."

அதிகாரி வென்டெல் விண்ணப்பக் கோப்பை மூடி நடீன் பக்கம் தள்ளினார்.

அது 1995. வெளிநாட்டுக்கு ஆயுதம் அனுப்ப அனுமதி தரும் வாஷிங்டன் அரசு அலுவலகம். மனித உரிமைக் குழுவிலிருந்து வந்த நடீன் கேட்டதோ துப்பாக்கி இல்லை. கம்ப்யூட்டரில் எழுதுவதை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் ஒரு மென்பொருள்.

"குவாதமாலாவுல நடந்த கொலைகளைக் கண்ணால பார்த்த சாட்சிங்க, சார். பத்தொன்பது பேர். எங்க ஆளுங்க அவங்க பேரு, வாக்குமூலம் எல்லாத்தையும் பத்திரமா இங்க அனுப்பணும். அதுக்குத்தான் கேக்குறோம்."

"சட்டப்படி இதுவும் ஆயுதம்தான். பலம் குறைஞ்ச பூட்டுன்னா சொல்லுங்க, இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

"அதைத்தான் காலேஜ் பசங்களே உடைச்சுட்டாங்களே! பேப்பர்ல படிக்கலையா?"

"அதுதான் கிடைக்கும்."

"அந்தப் பத்தொன்பது பேர்ல உங்க பொண்ணு இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

வென்டெல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தன் அலுவலகம் திரும்பிய நடீன், குழுவின் இயக்குநர் ஹியூவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"மனுஷனா அவன்? கல்லு!"

"விடு நடீன். மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார் ஹியூ.

இரண்டு மாதம் கழித்துச் செய்தி வந்தது. சாட்சிகளில் ஏழு பேரை வீடு தேடிப் போய்ச் சுட்டிருந்தார்கள். யார் சுட்டது என்று தெரியவில்லை. சாட்சிகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் சுட்டவர்கள் கைக்குப் போயிருந்தது.

ஏழு பேரின் படங்களையும் எடுத்துக்கொண்டு நடீன் வாஷிங்டன் அலுவலகத்துக்குப் போனாள். வென்டெல் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்க வேண்டும்.

அவர் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். நடீன் தன் பேரையும் குழுவையும் சொல்லி வென்டெலைக் கேட்டாள்.

"வென்டெலா? வேலையை விட்டு அனுப்பிட்டாங்களே. ஆபீஸ் ரகசியத்தை வெளியில சொல்லிட்டாராம்."

"யார்கிட்ட?"

அந்தப் பெண் கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க குழுகிட்டதான். நீங்க சண்டை போட்டுட்டுப் போன அன்னிக்கே உங்க இயக்குநருக்கு போன் பண்ணியிருக்கார். 'நாங்க அனுமதிக்கிற பூட்டைத் திறக்கக் குவாதமாலாவுல ஆளுங்க தயாரா இருக்காங்க. அதை நம்பி ஒரு பேரைக்கூட அனுப்பிடாதீங்க'ன்னு."

நடீன் நேரே தன் அலுவலகத்துக்குத் திரும்பினாள். படங்களை ஹியூவின் மேசைமேல் வைத்தாள்.

"வென்டெல் போன் பண்ணாரா?"

ஹியூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பண்ணார். இருந்தாலும் அந்தப் பூட்டை வெச்சே பட்டியலை வரவழைச்சேன். அந்தக் கொலைகளைப் பத்தின அறிக்கை வெளியிட நாள் குறிச்சாச்சே, நடீன். பத்திரிகைக்காரங்களை எல்லாம் வேற கூப்பிட்டுட்டோம்."