அக்கரைக்குப் போன சாப்பாடு

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்காம்" என்றார் லாரி டிரைவர், காலி அண்டாக்களை இறக்கி வைத்துக்கொண்டே. "உங்க பொண்ணுதான் சொல்லி அனுப்புச்சு."

கேன்டீன் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. கையில் கரண்டியோடு அப்படியே சிரித்துவிட்டார்.

"கொழுப்பைப் பாரு. வயிறு காய்ஞ்சு கிடக்கிறவ உப்பு பார்ப்பாளா? நல்லா சாப்பிடுறா, அதான் வாய் நீளுது."

வெள்ளத்தில் பாலம் உடைந்து அன்றோடு மூன்று நாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டுக் குடியிருப்புக்காரர்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூடத்து மாடியில் ஏறிக் கிடந்தார்கள். அக்காவின் ஒரே மகளும் இரண்டு பேத்திகளும் அங்கேதான். போன் கோபுரம் சாய்ந்துவிட்டதால் ஒரு வார்த்தை பேச வழியில்லை.

ஆலை மூடியிருந்தது. ஆலைத் தொழிலாளிகளுக்குச் சமைத்துப் போட்ட கேன்டீனிலேயே இப்போது அக்கரைக்கு உலை கொதித்தது. சோறும் பருப்பும் அண்டா அண்டாவாக லாரியில் ஏறி உடைந்த பாலம் வரை போகும். அங்கிருந்து, அண்டா மட்டுமே ஏறக்கூடிய சின்ன மீன்படகில் ஏற்றிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் நாள் கிளம்பும்போதே டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"பாலத்துக்கு இந்தப் பக்கமும் ரோட்டோரம் ஜனங்க பட்டினியா உட்கார்ந்திருக்குக்கா. குழந்தை குட்டியோட. லாரியைப் பார்த்தாலே ஓடி வருதுங்க."

"இந்தப் பக்கம் ரோடு இருக்கு தம்பி, யாராவது வருவாங்க. அந்தப் பக்கத்துக்கு நம்மை விட்டா யாரு? ஒண்ணு சொல்லிடறேன். என் பொண்ணு சாப்பிட்டான்னு சேதி வந்தாத்தான் நாளைக்கு இங்கே அடுப்பு எரியும்."

அன்று சாயங்காலமே டிரைவர் சேதியோடு வந்தார். மகள் மாடியிலிருந்து கை காட்டினாளாம். பேத்திகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்களாம். அக்கா கேன்டீன் வாசலிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தார். மறுநாள் விடியும் முன்பே எட்டு அடுப்பும் எரிந்தன.

அண்டாக்கள் தினமும் தேய்த்துக் கழுவி, பளபளவென்று திரும்பி வந்தன. அக்காவுக்கு அதில் தனிப் பெருமை.

"குடிக்கவே நல்ல தண்ணியில்லாத இடத்துல எப்படிக் கழுவி அனுப்புறா பாருங்கடி. நான் வளர்த்த வளர்ப்பு" என்று காய் நறுக்கும் பெண்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

உப்புச் சேதி வந்த அன்று மத்தியானம் மீட்புப் படையின் ஜீப் கேன்டீன் வாசலில் வந்து நின்றது. அதிகாரி கையில் ஒரு வரைபடம் நனைந்து துவண்டு கிடந்தது.

"எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு மோட்டார் படகும்மா. முதல் ட்ரிப் மேட்டுக் குடியிருப்புக்கு விடலாம்னு பார்க்கிறோம். அங்கே சாப்பாடு போகுதா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். படகு போனால் மகளை இன்றே கண்ணால் பார்த்துவிடலாம். பேத்திகளை மடியில் போட்டுக்கொள்ளலாம்.

லாரியின் பின்கதவுச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்த டிரைவர், மாட்டி முடித்த பிறகும் திரும்பவில்லை.

"போகுதுங்க சார். தினமும் நாங்கதான் அனுப்புறோம். என் பொண்ணே அங்கேதான் இருக்கா" என்றார் அக்கா. "அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. படகை வேற பக்கம் விடுங்க. பட்டினி கிடக்கிறவங்க வாயில நாலு பருக்கை போகட்டும்."

அதிகாரி வரைபடத்தில் எதையோ அடித்தார். கிளம்பும்போது அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். காய் நறுக்கிய பெண்களில் ஒருத்தி, "சொந்தப் பொண்ணு அங்கே இருக்கும்போது யாருக்குக்கா இந்த மனசு வரும்" என்றாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தைத் திட்டினார்.

படகு தெற்கே போனது. மறுநாளும் தெற்கேயே ஓடியது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அலறியது. மகளின் எண். ஈரக் கையோடு எடுத்தார். சுற்றி நின்ற பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"அம்மா."

"என் கண்ணே, கோபுரம் சரியாயிடுச்சா? பிள்ளைங்க எங்கடி? பெரியவகிட்ட குடு, அவ குரலைக் கேக்கணும்."

"அவளால எழுந்திருக்க முடியலைம்மா."

"உன் குரல் என்னடி, கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு? உரக்கப் பேசு."

"தெம்பில்லைம்மா."

அக்கா கேன்டீன் சுவரில் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். மணி ஒன்றரை. லாரி எட்டு மணிக்கே கிளம்பியிருந்தது.

"ஏன், இன்னைக்குச் சாப்பாடு இன்னும் வந்து சேரலையா?"

மறுமுனையில் சின்னவள் முனகுவது கேட்டது.

"எந்தச் சாப்பாடும்மா?"