வாசல் தாண்டினால் வராது

என் பட்டாசுக் கம்பெனியில் ஆபீஸ் வாசலைத் தாண்டினால் லேப்டாப்புகளில் வைஃபை தொடர்பு அறுந்துபோகும். மேனேஜர் ராஜபாண்டியன் கத்திய கத்தலில் விருதுநகரிலிருந்து அதைச் சரிபண்ண ஐஸ்வர்யா என்ற பெண் வந்தாள்.

“வைஃபை பெட்டி எங்க இருக்கு, மொதலாளி?”

“என் ரூம்ல நல்லாத்தான் எரியுது. நீ வெளிய போயிப் பாரு.”

பெட்டியை அவளுக்குக் காட்டவில்லை; எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தவள், முகம் வாடித் திரும்பினாள்.

“லோடு ஏத்துற இடம், பேக்கிங் ஷெட்டு, எங்கயுமே சிக்னல் கிடைக்கலை.”

“வெடிமருந்து ரூமுக்குப் போற பாதையில?”

“பாதை ஆரம்பத்துலயே போயிருச்சு. சரிபண்ணாமப் போனா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாக, மொதலாளி. சேந்தே பத்து நாள்தான் ஆகுது.”

“ஒரு புள்ளிகூட வரலையா?”

“இல்ல.”

அவளை என் அறைக்குக் கூட்டிப்போய் இரும்பு பீரோவைத் திறந்தேன். உள்ளே வைஃபை பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது.

“ராஜபாண்டியன் லேப்டாப்போட மருந்து ரூம் வாசல் வரைக்கும் போறான். பேட்டரிச் சாமான் அங்கன போகலாமாத்தா? சொன்னாக் கேக்க மாட்டேங்கிறான். அதான் இதுக்குள்ள வச்சுப் பூட்டுனேன். வெளிய கசியுதான்னு பாத்துச் சொல்ல, படிச்ச ஆளு வேணும்ல?”

அவள் கொண்டுவந்த தாளில், ‘வேலை முழுத் திருப்தி’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.